உரிப்பொருள் இழந்த ஆட்டம்: ‘ஃபௌஜி’ கைபேசி விளையாட்டைத் திணைக் கோட்பாட்டின்வழி நோக்கல்

முன்னுரை

முற்றுப்பெற்ற படைப்பையே திறனாய்வு தன் பொருளாகக் கொள்ளும் என்பது தமிழ் ஆய்வுலகில் பெரிதும் ஏற்கப்பட்ட நிலை. ஆசிரியன் நூலை முடிக்கிறான். அவை அதனைக் கேட்கிறது. உரையாசிரியன் உரை காண்கிறான். இவ்வரிசைக்குள் அடங்காத படைப்பு வகை ஒன்று அண்மைக்காலத்தில் பெருகியுள்ளது. இணையவழி வீடியோ விளையாட்டுகள் முடிவுறாத நிலையிலேயே வெளிவருகின்றன. வெளிவந்த பின்னும் மாற்றப்படுகின்றன. முழுமை எய்தும் முன்னரே ஆக்கியோரால் கைவிடப்படுவனவும் பல. இத்தகைய படைப்பை எவ்வாறு வாசிப்பது, எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்னும் வினாக்கள் தமிழ்த் திறனாய்வில் இன்னும் உரிய கவனம் பெறவில்லை.

பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2021 ஜனவரி 26 அன்று வெளியிட்ட ‘ஃபௌஜி’ என்னும் கைபேசி விளையாட்டு இக்கட்டுரைக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பெரும் எதிர்பார்ப்போடு வந்து, விரைவில் பேச்சிலிருந்து மறைந்த ஆட்டம் இது. இதன் வீழ்ச்சிக்குத் தொழில்நுட்பக் குறை, விளம்பர மிகை என்னும் இரு காரணங்கள் பொதுவாகக் கூறப்படுகின்றன. இரண்டும் மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் போதியனவும் அல்ல. கைவிடப்படும் ஆட்டத்தில் முதலில் கைவிடப்படுவது எது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. ஆக்கியோர் ஆட்டத்தை விடுவதற்கு முன்பே ஆட்டம் தன் உரிப்பொருளை விட்டுவிடுகிறது. எஞ்சி நிற்பது பெயர் மட்டுமே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடும், சங்க அகப்பாடல்களின் பருவம் பற்றிய சிந்தனையும், நடுகல் மரபும் இதனை நிறுவத் துணையாகின்றன.

உய்வு ஆட்டம் என்னும் வகைமை

உயிர் பிழைத்திருத்தலையே நோக்கமாகக் கொண்ட இணையவழி ஆட்டங்களை ஈண்டு ‘உய்வு ஆட்டம்’ எனச் சுட்டலாம். ஆடுநன் வெறுங்கையோடு ஒரு பாழ்நிலத்தில் இறங்குகிறான். பசி, நீர்வேட்கை, குளிர், காயம் ஆகியவற்றோடு போராடுகிறான். கைவிடப்பட்ட வீடுகளில் பொருள் தேடுகிறான். எதிர்ப்படும் மற்றோர் ஆடுநன் நண்பனா பகைவனா என்பது தெரியாது. 2012இல் டீன் ஹால் ‘ஆர்மா 2’ என்னும் ஆட்டத்தின்மீது மாற்றுருவாகப் படைத்த ‘டேஇசட்’ இவ்வகையைப் பரவலாக்கியது. அதன் மாற்றுருக்களில் பணியாற்றிய பிரெண்டன் கிரீனின் முயற்சியே 2017இல் ‘பப்ஜி’யாக வளர்ந்தது. நூறுபேர் இறங்கி ஒருவரோ ஒரு குழுவோ எஞ்சும் வரை போரிடும் அவ்வாட்டத்தின் கைபேசி வடிவம் 2018இல் வெளியாகி இந்திய இளைஞரிடையே பெருவழக்கானது.

உய்வு ஆட்டத்தின் உலகு தமிழ்ப் புலமையாளருக்கு அயலானது அன்று. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயரம் விளைக்கும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதாவது பாலை என்பது இடம் அன்று. இடத்துக்கு நேர்ந்த நிலை. ஆறலைத்தலும் சூறையாடலும் அதன் தொழில்கள். நீர் வற்றிய சுனையும் ஆளற்ற ஊரும் அதன் காட்சிகள். உய்வு ஆட்டத்தின் கருப்பொருள்களும் இவையே.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பாலையின் உரிப்பொருள் பிரிதல். சுரத்தில் நடப்பவனுக்கு வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். அவளது கவலையாலேயே சுரத்தின் வெம்மை பாடலில் பொருள் பெறுகிறது. பெரும்பான்மை உய்வு ஆட்டங்களில் காத்திருப்பவர் எவரும் இல்லை. முதலும் கருவும் நிறைந்திருக்க, உரி வெறுமையாக விடப்படுகிறது. இவ்வெற்றிடத்தை நிரப்பக்கூடிய வாய்ப்பைப் பெற்றிருந்த ஆட்டம் என்பதாலேயே ‘ஃபௌஜி’ கருதத்தக்கதாகிறது.

அறிவிப்பும் வெளியீடும்

2020 ஜூன் 15 இரவு கிழக்கு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படையினரிடையே நிகழ்ந்த மோதலில் இந்திய வீரர் 20 பேர் உயிரிழந்தனர். அதன் தொடர்ச்சியாகச் சீனத் தொடர்புடைய செயலிகள் பல தடைசெய்யப்பட்டன. 2020 செப்டம்பர் 2 அன்று தடைக்குள்ளான 118 செயலிகளில் பப்ஜியின் கைபேசி வடிவமும் ஒன்று. இரு நாள் கழித்து, செப்டம்பர் 4 அன்று, இந்தி நடிகர் அக்ஷய் குமார் ‘ஃபௌஜி’ வரவிருப்பதை அறிவித்தார். படைவீரன் எனப் பொருள்படும் இந்திச் சொல்லை ஒலிக்கும் வகையில், ‘அஞ்சாத, ஒன்றுபட்ட காவலர்’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அப்பெயர் அமைக்கப்பட்டது. நிகர வருவாயில் 20 விழுக்காடு, உயிர்நீத்த வீரர் குடும்பங்களுக்கு உதவும் ‘பாரத் கே வீர்’ நிதிக்கு வழங்கப்படும் என்னும் உறுதியும் உடன் அளிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்த காலம், அதன் பொருளையும் வரையறுத்துவிட்டது. தாம் பப்ஜிக்கு மாற்றாக இதனை உருவாக்கவில்லை என்று, 1999இல் இந்தியாகேம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரும் என்கோரின் முதலீட்டாளருமான விஷால் கோண்டல் விளக்கினார். மக்களோ அவ்வாறு கொள்ளவில்லை. தடைசெய்யப்பட்ட அயல்நாட்டு உய்வு ஆட்டத்தின் இடத்தில் நாட்டுக்குரிய ஆட்டம் ஒன்று வருகிறது என்றே கொண்டனர். 2020 நவம்பர் இறுதியில் கூகுள் பிளே தளத்தில் முன்பதிவு திறக்கப்பட்டபோது ஒரு நாளுக்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தனர்.

வெளியானபோது ஆட்டம் ஆங்கிலம், இந்தி, தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்திருந்தது. தனியாள் ஆடும் கதைப்பகுதி மட்டுமே அப்போது கிடைத்தது. பலர் மோதும் பகுதிகள் விரைவில் வரும் எனக் குறிக்கப்பட்டிருந்தன. குழுவாக மோதும் பகுதி 2021 ஜூனில், அதுவும் சோதனைப் பதிப்பாக, வந்தது. பலர் எதிர்பார்த்த பெருந்திரள் உய்வுப்போர் அவ்வாட்டத்தில் நிறைவேறவில்லை. 2025இல் ‘ஃபௌஜி: டாமினேஷன்’ என்னும் பெயரில் வெளிவந்தது, டாட்நைன் கேம்ஸ் என்னும் வேறொரு கூடம் உருவாக்கிய வேறோர் ஆட்டமாகும்.

முதல், கரு, உரி: கதைப்பகுதியின் தகுதி

வெளியான காலத்து மதிப்புரைகளில் பெரும்பாலானவை கதைப்பகுதியை ஒரே குரலில் குறைகூறின. நிகழ்ச்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, பகைவர் ஒரே விதமாகத் தாக்குகின்றனர், துப்பாக்கி இல்லை என்பன அவற்றின் சாரம். முதலிரண்டும் ஏற்கத்தக்க குறைகளே. மூன்றாவதாகச் சொல்லப்பட்டது குறையா என்பது ஆராயத்தக்கது.

எல்லைக்கோட்டருகே துப்பாக்கி பயன்படுத்துவதைத் தவிர்க்கும் வகையில் இரு நாடுகளும் 1996இல் உடன்பாடு செய்துகொண்டன. கல்வானில் துப்பாக்கிச் சூடு நிகழவில்லை. கைகலப்பிலும், கற்களாலும், தடிகளாலுமே உயிர்கள் போயின. ஆட்டம் இவ்வுண்மையைப் பின்பற்றியது. தன் குழுவிலிருந்து பிரிந்துவிட்ட வீரன் ஒருவன், பகைவர் கையில் சிக்கிய தோழரைத் தேடிப் பனிமலையில் தனியே நடக்கிறான். கைக்கு எட்டும் ஆயுதத்தால் போரிடுகிறான். காயமுற்றால் எரியும் தீயருகே அமர்ந்து வலிமை மீள்கிறான்.

இவ்வமைப்பைத் திணைநோக்கில் காணலாம். முதற்பொருள் பனி உறைந்த மலை. பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியன எனினும் பின்பனியும் உரியது எனத் தொல்காப்பியம் கூறுவது ஈண்டு நினையத்தக்கது. வெம்மையாற் பாழ்பட்ட நிலம் போன்றே தண்மையாற் பாழ்பட்ட நிலமும் பாலையாதல் கூடும். கருப்பொருள் தடி, கூடாரம், தீ. உரிப்பொருளோ பிரிதலும் பிரிந்தோரைத் தேடலும். உய்வு ஆட்டங்களில் அரிதாகவே காணப்படும் உரிப்பொருள் இது. தான் பிழைப்பதற்காக அன்றி, பிறரை மீட்பதற்காகப் பிழைத்திருக்கும் ஒருவனை ஆட்டம் முன்வைத்தது. தீயருகே அமரும் இடம் இன்னும் நுட்பமானது. பெரும்பான்மை ஆட்டங்களில் மருந்துப் பெட்டியை எடுத்த கணமே காயம் ஆறும். இங்கு ஆடுநன் காத்திருக்க வேண்டும். போரின் நடுவே வலிந்து புகுத்தப்பட்ட அக்காத்திருப்பு, ஆட்டத்தின் விரைவுக்குத் தடையாகவும் அதன் பொருளுக்குத் துணையாகவும் அமைந்தது.

இதனால் அவ்வாட்டம் சிறந்த படைப்பு என்று நிறுவுவது நோக்கம் அன்று. அதில் உரையாடல் தட்டையானது; பகைவர் முகமற்றவர்; நாட்டுப்பற்று முழக்கமாகவே நின்றது. எனினும் அதற்கென ஓர் உரிப்பொருள் இருந்தது. துப்பாக்கி இன்மை அதன் வறுமை அன்று, அதன் வாய்மை.

ஆயின் அடுத்து வந்த குழுப்போர்ப் பகுதி துப்பாக்கிப் போராகவே அமைந்தது. இரு குழுக்கள் சுட்டுக்கொள்கின்றன. இறந்தவர் சில நொடிகளில் மீள எழுகின்றனர். பிரிதல் இல்லை, தேடல் இல்லை, தீயருகே அமர்வதும் இல்லை. சந்தையில் ஏற்கெனவே நிறைந்திருந்த ஆட்டங்களுள் ஒன்றாக ‘ஃபௌஜி’ மாறிய இடம் இது. 2021 ஜூலை 2 அன்று, பப்ஜியே ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்னும் பெயரில் கிராஃப்டன் நிறுவனத்தால் மீண்டும் கொணரப்பட்டபோது, அதே வகையில் அதனை ஒத்து நிற்கும் ஆற்றல் ‘ஃபௌஜி’க்கு இல்லாமற்போனது. தனக்கே உரியதை விட்டு, பிறர்க்கு உரியதைக் கைக்கொள்ளும் படைப்பு இரண்டிலும் நிலைபெறாது என்பதற்கு இது சான்று.

ஆக்கியோர் தரப்பில் கூறத்தக்கதும் உண்டு. வாசகர் கேட்டது துப்பாக்கியே. இணையவழிப் பெருந்திரள் ஆட்டத்தை நடத்த, ஆடுநர் எண்ணிக்கைக்கேற்ப வழங்கிக் கணினிகளுக்கு நாள்தோறும் செலவிட வேண்டும். ஏமாற்று நிரல்களைத் தடுக்க வேண்டும். ஓயாது புதியன சேர்க்க வேண்டும். நூல் அச்சேறியபின் பதிப்பகத்துக்கு இத்தகைய சுமை இல்லை. மேலும், பெங்களூரின் விளையாட்டுத் தொழில் பிறர் உலகங்களுக்கு உறுப்புகள் செய்துகொடுத்தே பெரிதும் வளர்ந்தது. 1997இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், அயல்நாட்டு ஆட்டங்களுக்கு ஓவியமும் உருவங்களும் ஆக்கிப் புகழ்பெற்று, 2019இல் ராக்ஸ்டார் நிறுவனத்தின் உடைமையாயிற்று. தேர், மரம், சுவர், முகம் ஆகியவற்றைத் திறம்படச் செய்யும் கைகள் இந்நகரில் உண்டு. முழு உலகு ஒன்றைப் படைத்து, அதனை ஆண்டுக்கணக்கில் காத்து நிற்கும் முதலும் பொறுமையும் அரியன. இக்காரணங்கள் கைவிடுதலை விளக்குகின்றன. அதன் பொருளை மாற்றவில்லை.

பருவமும் காத்திருத்தலும்

உய்வு ஆட்டத்தினுள் காத்திருப்பவர் இல்லை எனக் கண்டோம். ஆட்டத்திற்கு வெளியே அவர் உள்ளார், அவர் ஆடுநரே. ஆக்கியோன் ஒரு காலத்தைக் குறித்துச் செல்கிறான். அக்காலம் வருகிறது, அவன் வரவில்லை. அகப்பாடல்களின் முல்லைத்திணை அமைப்பு இதுவாகும்.

‘ஃபௌஜி’க்கு முதலில் குறிக்கப்பட்ட காலம் 2020 அக்டோபர் இறுதி. அம்மாதம் 25ஆம் நாள் விசயதசமியன்று முன்னோட்டக் காட்சி மட்டும் வந்தது. வெளியீடு நவம்பருக்குத் தள்ளப்பட்டது. நவம்பரில் வந்தது முன்பதிவு. ஜனவரியில் வந்தது ஆட்டத்தின் ஒரு பகுதி. குறித்த பருவம் மும்முறை பொய்த்தபோது ஆடுநரிடையே இருவகை எதிர்வினைகள் எழுந்தன. ஒரு சாரார் இகழ்ந்தனர். மற்றொரு சாரார், நல்ல ஆட்டம் உருவாகக் காலம் வேண்டும், இது உரிய பருவம் அன்று எனத் தேற்றினர்.

இத்தேற்றுரையின் பழைய வடிவம் குறுந்தொகையில் உண்டு. கோவர்த்தனாரின் 66ஆம் பாடலில், கொன்றை பூத்ததைக் கண்டு கலங்கும் தலைவியிடம், அம்மரங்கள் அறிவற்றவை. பருவமல்லாத மழையைக் கார் என மயங்கிப் பூத்தன எனத் தோழி கூறுகிறாள். ஓதலாந்தையாரின் 21ஆம் பாடலிலோ, காடே கார் எனக் காட்டினும் தான் அதனை நம்புவதில்லை, அவர் பொய் கூறார் எனத் தலைவியே உரைக்கிறாள். கண்முன் நிற்கும் சான்றைக் காட்டிலும் சொல்லியவனின் சொல் பெரிதாகும் நிலை இது. இப்பாடல்களின் அழகு, கேட்போர் அனைவரும் உண்மை அறிவர் என்பதில் உள்ளது. தோழியும் அறிவாள், பூத்தது கார்ப்பூவே.

முன்பதிவு செய்த ஆடுநரின் நிலையும் இத்தகையதே. எனினும் ஒரு வேறுபாடு தீர்க்கமானது. முல்லைத் தலைவன் வினைமுடித்து மீள்வான் என்பது திணையின் உறுதி. பாடலுக்குள் அவன் வராவிடினும் மரபுக்குள் வந்துவிடுகிறான். சந்தைக்கு அத்தகைய மரபு இல்லை. தலைவன் மீளாத முல்லை நெய்தலாகிறது. இரங்கல் அதன் உரியாகிறது.

இந்நிலை ஒரு நகருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ மட்டும் உரியதன்று. ‘ஃபௌஜி’ வெளியான அதே 2021 ஜனவரியில், ஃபென்டாஸ்டிக் என்னும் நிறுவனம் ‘தி டே பிஃபோர்’ என்னும் உய்வு ஆட்டத்தை உலகுக்கு அறிவித்தது. பெருந்திரளாகக் கூடிவாழும் பாழுலகம் என்பது அதன் வாக்கு. ஸ்டீம் தளத்தில் அதிகம் விரும்பப்பட்ட ஆட்டங்களின் வரிசையில் அது முன்னின்றது. பலமுறை தள்ளிப்போய், 2023 டிசம்பர் 7 அன்று வெளிவந்தது. நான்காம் நாள், டிசம்பர் 11 அன்று, நிறுவனமே மூடப்படுவதாக அறிவித்தது. 2024 ஜனவரி 22 அன்று வழங்கிகள் நிறுத்தப்பட்டன. வாங்கியோருக்குப் பணம் திருப்பப்பட்டது. இங்கும் ஆடுநரின் முதற்குற்றச்சாட்டு, அறிவிக்கப்பட்ட வகையும் வெளிவந்த வகையும் ஒன்றல்ல என்பதே. பிழைத்து வாழும் பெரும் உலகத்துக்கு மாறாக, பொருளை எடுத்துக்கொண்டு தப்பியோடும் சுடும் ஆட்டமே கிடைத்தது. வழங்கிகள் நின்றது பின்னர். உரி மாறியது முன்னர்.

இதற்கு ஏதுவான வெளியீட்டு முறையையும் நோக்க வேண்டும். தமிழ் மரபில் அரங்கேற்றம் என்பது முடிந்த நூலை அவை ஏற்கும் நிகழ்வு. ஏற்க மறுக்கும் உரிமையும் அவைக்கு உண்டு. 2013இல் ஸ்டீம் தளம் தொடங்கிய ‘ஏர்லி ஆக்சஸ்’ முறையில், முடியாத ஆட்டம் விலைக்கு வருகிறது. வாங்குவோரே குறை கண்டு சொல்கின்றனர். இதனால் விளைந்த நன்மைகள் பல. பப்ஜியும் அவ்வழி வந்ததே. ஆயின் அவை, புரவலன், சோதிப்போன் என்னும் மூவகைப் பணியும் ஆடுநர்மீது ஏற்றப்படுகிறது. மறுக்கும் உரிமை மட்டும் முன்கூட்டியே விற்கப்பட்டுவிடுகிறது.

நடுகல்லும் வழங்கியும்

‘ஃபௌஜி’யை ஏனைய கைவிடப்பட்ட ஆட்டங்களினின்றும் வேறுபடுத்துவது அதன் முதலில் நின்ற உண்மையான இறப்புகள். கல்வானில் உயிர்நீத்தோருள் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனியும் ஒருவர். 2021 குடியரசு நாளையொட்டி அறிவிக்கப்பட்ட விருதுகளில் அவருக்கு மறைவுக்குப் பின்னான வீர் சக்ரா வழங்கப்பட்டது. அதே குடியரசு நாளில் அதே மோதலைக் களமாகக் கொண்ட ஆட்டம் தமிழிலும் வெளியானது. ஒரே நாளில் ஒரே இறப்பு இருவகை நினைவாக மாறியது எனலாம்.

போரில் வீழ்ந்தோரை நினைவாக்கும் முறைக்குத் தமிழ்மரபு இலக்கணம் வகுத்துள்ளது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகள், கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடிகின்றன. ஒவ்வொரு நிலையும் அடுத்ததற்குக் கடமைப்பட்டது. கல்லைத் தேர்ந்தவன் அதனை நடாமல் விட்டுச்செல்வதற்கு இவ்விலக்கணத்தில் இடமில்லை.

பெங்களூர் என்னும் பெயர் இன்று அறியப்படும் சான்றுகளுள் முதன்முதலாகக் காணப்படுவதும் ஒரு நடுகல்லிலேயே. நகரின் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு, பெங்களூர்ப் போரில் புட்டணசெட்டி என்பவன் இறந்ததைக் குறிக்கிறது. அப்போர் எதற்காக நிகழ்ந்தது என்பதை விரிவாக அறிய வழியில்லை. ஆயினும் இறந்தவன் பெயரும் ஊர்ப்பெயரும் பதினொரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. கல்லுக்கு மின்சாரம் வேண்டா, சந்தா வேண்டா, அதனை நட்டவன் குலம் அழிந்தபின்னும் அது படிக்கப்படும்.

வழங்கியை நம்பிய நினைவு அவ்வாறன்று. அது பொறிக்கப்படுவதில்லை, நாள்தோறும் நிகழ்த்தப்படுகிறது. நிகழ்த்துவோர் நின்றால் பிரதியும் நின்றுவிடும். இக்காரணத்தால், இறந்தோர் பெயரால் தொடங்கும் இணைய ஆட்டத்துக்கு ஏனைய ஆட்டங்களுக்கு இல்லாத ஒரு கடப்பாடு உண்டு எனக் கருதலாம். கொடுக்க வேண்டிய நிதியோடு அக்கடப்பாடு முடிவதில்லை. கல்வானின் துப்பாக்கியற்ற இரவைத் தன் முதற்பொருளாகக் கொண்ட ஆட்டம், துப்பாக்கிப் போராக மாறியபோது, சந்தையைக் கருதிய முடிவு ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. தான் நினைவுகூர முற்பட்ட இறப்பின் தன்மையையே அழித்து எழுதியது. கால்கோளோடு நின்றுபோன கல்லுக்கு இதனை ஒப்பிடலாம்.

அழிவும் காப்பும்

கைபேசி விளையாட்டு ஒரு நுகர்பொருள். அதன் மறைவைக் காப்பிய மறைவோடு ஒப்பிடுவது பொருந்துமா என்னும் மறுப்பு எழலாம். தகுதியால் அவை ஒப்பல்ல என்பது வெளிப்படை. அழியும் முறையால் ஒப்பிடத்தக்கன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. குண்டலகேசியை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் உரையுமே, மறைந்த அந்நூலின் செய்திகளைப் பெரிதும் காத்தன. குறைகாண எழுந்த நூல் குறையுற்ற நூலுக்குக் காப்பானது இலக்கிய வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இன்று ‘தி டே பிஃபோர்’ ஆட்டத்தை அறிய விரும்புவோர் அதனை எள்ளி நகையாடிய காணொளிகளையே நாட வேண்டியுள்ளது. பழிப்புரையே பாதுகாப்பாகும் அவ்விந்தை மீண்டும் நிகழ்கிறது.

கைவிடுவதிலும் நன்முறை உண்டு. டைனி ஸ்பெக் நிறுவனம் நடத்திய ‘கிளிச்’ என்னும் இணைய ஆட்டம் 2012 டிசம்பர் 9 அன்று மூடப்பட்டது. மூடுவது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. 2013 நவம்பரில் அதன் ஓவியங்களும் பிறவும் பொதுவுடைமையாக வெளியிடப்பட்டன. அதே நிறுவனம் தன் பணிக்கென ஆக்கிய செய்தித்தொடர்புக் கருவியே பின்னர் ‘ஸ்லாக்’ ஆயிற்று. ஆட்டம் மறைந்தும் அதன் உறுப்புகள் படிப்போர்க்கும் படைப்போர்க்கும் எஞ்சின. மறுபுறம், 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ ஆட்டத்தின் வழங்கிகளை நிறுத்தியதைத் தொடர்ந்து எழுந்த ஆடுநர் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது.

தமிழ்த்துறைகளுக்கு இதில் தனிக்கடமை ஒன்று உள்ளது. இந்தியாவில் அச்சாகும் நூலின் படிகளைக் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு பொதுநூலகங்களுக்கு அளிக்க வேண்டும் என 1954ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. நூலுக்கும் இதழுக்கும் உள்ள அப்பாதுகாப்பு ஆட்டத்துக்கு இல்லை. ‘ஃபௌஜி’யின் தமிழ்வடிவத்துக்கென ஒருவர் கட்டளைகளையும் விளக்கங்களையும் தமிழில் ஆக்கியிருக்கிறார். பட்டியல்களில் எவை மொழிபெயர்க்கப்பட்டன, எவை ஒலிபெயர்க்கப்பட்டன, ஏவலுக்கு எந்த வினைவடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பன மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பு ஆய்வாளருக்கும் பயன்தரும் தரவுகள். தமிழ் புதிய ஊடகமொன்றில் புகுந்த தொடக்ககாலச் சுவடுகள் அவை. சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏட்டைத் தேடி ஊர் ஊராகச் செல்ல முடிந்தது. வழங்கி நின்றபின் செல்வதற்கு ஊர் இல்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. உய்வு ஆட்டத்தின் முதலும் கருவும் பாலையோடு ஒத்தன. அதன் உரிப்பொருள் பெரும்பாலும் வெறுமையாக விடப்படுகிறது. ‘ஃபௌஜி’யின் கதைப்பகுதி, பிரிதலையும் தேடலையும் அவ்விடத்தில் வைக்க முயன்றது.

2. துப்பாக்கியின்மை அதன் குறையாகக் கருதப்பட்டது. உண்மையில் அதுவே அதன் தனித்தன்மை. அதனை விட்ட இடத்திலேயே கைவிடுதல் தொடங்கியது. பின்னர் நிகழ்ந்தவை அதன் விளைவுகள்.

3. ஆக்கியோர்க்கும் ஆடுநருக்கும் இடையிலான உறவு, பருவம் குறித்துப் பிரியும் அகமரபின் அமைப்பை ஒத்தது. வாக்கும் அதன் பொய்ப்பும் படைப்பின் புறச்செய்திகள் அல்ல, வாசிக்கத்தக்க பகுதிகள்.

4. உண்மையான இறப்புகளைக் களமாகக் கொள்ளும் ஆட்டம் நினைவுக் கடப்பாட்டை ஏற்கிறது. அக்கடப்பாட்டை ஆட்டத்தின் வடிவமும் நிறைவேற்ற வேண்டும்.

5. தமிழில் வெளிவரும் ஆட்டங்களின் மொழிக்கூறுகளை, அவை இயங்கும் காலத்திலேயே திரைப்படிகளாகவும் சொற்பட்டியல்களாகவும் தொகுத்து வைத்தல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி.

‘ஃபௌஜி’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அப்பெயரின்கீழ் முதலில் நின்ற வீரன், தோழரைத் தேடிப் பனியில் நடந்தவன், தீயருகே அமர்ந்திருந்தவன், தொடரப்படவில்லை. பெயரைக் காத்து உரியை இழந்த படைப்பு எனக் குறித்து வைப்பதே அவ்வாட்டத்துக்குத் திறனாய்வு செய்யக்கூடிய நேர்மையான பதிவாகும்.